தோலுக்கேற்ற கருவி

கத்தி எப்படி இருத்தல் வேண்டும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும், கூர்மையாக இருத்தல் வேண்டும் என்றே விடை வரும். மழுங்கிய கத்தியைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குவதே உலக வழக்கம். ஆயினும், கூர்மையே குற்றமாகிவிடும் வேலைகளும் சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். முயல் போன்ற சிறு விலங்குகளின் தோலை உரித்த பின்னர், அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சதை, கொழுப்பு, சவ்வு ஆகியவற்றை நீக்கும் வேலையே அது. அவ்வேலைக்கு உரிய கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

இது நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் மாறிய கதையையும் இடையிலே சொல்லுவேன்.

முதலில், தோல் என்பது யாது என்று காண்போம். புறத்தே உள்ளது மேற்றோல், மிக மெல்லியது. அதன் கீழே உள்ளது உட்டோல். கொலாஜன் என்னும் புரத இழைகள் பாய் பின்னியதுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இப்பகுதியிலேதான். தோலுக்கு வலிமையைத் தருவதும், பதனிட்ட பின்னர் நிலைத்து நிற்பதும் இவ்வுட்டோலே. அதற்கும் கீழே, தோலை உடலோடு இணைக்கும் தளர்ந்த சவ்வும் கொழுப்பும் உள்ளன. மயிரின் வேர்களோ மேற்றோலில் இல்லை. உட்டோலின் உள்ளே ஆழ ஊன்றியிருக்கின்றன. இந்த ஒரு செய்தியை நன்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவன யாவும் இதிலிருந்தே பிறப்பன.

உட்புறச் சவ்வையும் கொழுப்பையும் ஏன் நீக்க வேண்டும்? காரணங்கள் மூன்று. நுண்ணுயிர்கள் முதலில் பெருகுவது அங்கேதான். அவை பெருகினால் மயிரின் வேர் தளர்ந்து, கைபட்ட இடமெல்லாம் மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். உப்பும் படிகாரமும் பதனிடும் பிற பொருள்களும் தோலுக்குள் ஊறாதபடி அச்சவ்வு திரையிட்டு நிற்கும் என்பது இரண்டாவது. கொழுப்பு நாட்பட நாட்படச் சிக்கு நாற்றம் எடுத்துத் தோலையே அரித்துவிடும் என்பது மூன்றாவது. ஆகவே, சவ்வு முற்றும் நீங்குதல் வேண்டும். உட்டோலோ சிறிதும் குறைதல் ஆகாது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி, முயல் தோலில், ஒரு தாளின் கனத்துக்கு மேல் இராது. கருவி நடமாட வேண்டிய இடம் அவ்வளவே.

இனி என் கதைக்கு வருகிறேன். 1994-ஆம் ஆண்டு, தோல் பதனிடும் தொழில் நிறைந்த ஓர் ஊரில் நான் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி வந்தேன். பள்ளியில் அறிவியற் கண்காட்சி ஒன்று நடக்க இருந்தது. விலங்குகளின் உடற்போர்வை என்னும் தலைப்பில் மாணவர்க்குக் காட்டுவதற்காக, வீட்டில் முயல் வளர்ப்பவர் ஒருவரிடம், இறைச்சிக்கு அறுத்த முயலின் தோல் ஒன்றை வாங்கி வந்தேன். ஆய்வுக்கூடத்தில் இருந்த கருவிகளிலேயே மிகக் கூரியது அறுவைக் கத்தி. அதுவே ஏற்றது என்று துணிந்தேன். மேசைமேல் தோலை விரித்து, மாணவர் சூழ்ந்து நிற்க, சவ்வைச் சீவத் தொடங்கினேன். கால் நாழிகைக்குள் தோலில் ஏழு துளைகள் விழுந்தன. துளை விழாத இடங்களிலும், மறுபுறம் திருப்பிப் பார்த்தபோது, மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது. நான் வேர்களையே அறுத்துவிட்டேன் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது.

கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் மெல்ல எழுந்து, "எங்க அப்பாவைக் கேட்டா சொல்லுவாருங்க சார்" என்றான். அவன் தந்தை ஒரு தோல் பதனிடும் நிலையத்தில் சதை நீக்கும் வேலை செய்பவர். அவன் பேசியதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு புதியதன்று. தந்தையின் தொழில் காரணமாக, நாற்றத்தைக் குறிக்கும் ஒரு பட்டப்பெயரால் மற்ற மாணவர்கள் அவனை நாள்தோறும் அழைத்து வந்தனர். அது என் செவியிலும் விழுந்திருந்தது. கேட்டும் கேளாதவன் போலவே நான் இருந்து வந்தேன். தோலைக் கிழித்தது அன்றைய என் பிழை. இஃது அதற்கு முன்பே நாள்தோறும் செய்து வந்த பிழை.

மறுநாள் மாலை அவர் வந்தார். வகுப்பின் வாயிலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வருமாறு அழைத்தபோது, "வேணாம் சார், வேலை பாத்த துணி, வாடை அடிக்கும்" என்றார். வற்புறுத்தி அழைத்த பின்னரே மேசையருகே வந்தார். என் அறுவைக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "சார், இது வெட்டுற வேலை இல்லீங்க; தள்ளுற வேலை" என்று மட்டும் சொன்னார். மாணவர்களே, கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் பின்னர்ப் படித்த நூல்கள் யாவும் இந்த ஐந்தாறு சொற்களின் விரிவுரையே.

உங்கள் இல்லங்களில் இஞ்சித் தோலை எவ்வாறு நீக்குகிறார்கள் என்று கவனியுங்கள். கத்தியைச் சாய்த்துச் சீவினால் தோலோடு பாதி இஞ்சியும் போய்விடும். ஆகையால் அன்னையர் கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுவர். சிலர் கரண்டியின் விளிம்பாலேயே சுரண்டிவிடுவர். சாய்ந்த விளிம்பு உள்ளே புகும். நிமிர்ந்த விளிம்பு மேலே தள்ளிக்கொண்டு போகும். முயல் தோலுக்கும் இதுவே நெறி.

இந்நெறியின்படி, கருவியைத் தேர்ந்தெடுப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று.

முதல் வினா: நீக்க வேண்டியது எது? கொழுப்பா, சவ்வா? கொழுப்பு மென்மையானது, மழுங்கிய விளிம்பு கொண்டு தள்ளினாலே திரண்டு வந்துவிடும். கெட்டியாகப் பற்றிய சவ்வும் தசைநாரும் அவ்வாறு வாரா. அவற்றைச் சிறிதே வெட்டித்தான் ஆகவேண்டும். இதனால் அன்றோ, தொழிலாளர் கையாளும் இரு கைப்பிடிக் கத்தியின் ஒரு விளிம்பு மழுங்கலாகவும் மற்றொரு விளிம்பு கூராகவும் அமைந்திருப்பது உண்டு! பெரும்பகுதி வேலையை மழுங்கிய விளிம்பே செய்யும். எங்கே அது தோற்கிறதோ, அங்கே மட்டும் கத்தியைத் திருப்பிப் பிடிப்பர். மழுக்கமே எப்பொழுதும் சிறந்தது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். மிகவும் மழுங்கிய கருவிக்கு மிகுந்த வலிமை வேண்டும். வலிந்து இழுத்தால் மெல்லிய தோல் கிழியும். வேலைக்கு வேண்டிய அளவு கூர்மை, அதற்கு மேல் அணுவளவும் இல்லாமை: இதுவே அளவு.

இரண்டாவது வினா: விளிம்பின் வடிவம் யாது? நேரான விளிம்பின் இரு முனைகளும் தோலில் குத்தும். வளைந்த விளிம்பின் நடுப்பகுதி மட்டுமே தோலைத் தொடும். முனைகள் எட்ட நிற்கும். ஆகவே சிறு தோலுக்கு, வட்டமான முனையுடைய சிறு கருவியே ஏற்றது. விளிம்பை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். மயிரிழை அளவு பிசிறு இருப்பினும், அது தோலில் கோடு கிழித்துக்கொண்டே போகும். பழைய மேசைக் கரண்டி ஒன்றின் விளிம்பைக் கல்லில் தேய்த்துப் பிசிறு நீக்கினால், பயில்பவனுக்கு அதைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

மூன்றாவது வினாவைப் பலரும் கேட்பதே இல்லை: தோலுக்குக் கீழே இருப்பது யாது? நான் தட்டையான மேசையில் விரித்தேன், அது தவறு. தட்டையான பரப்பில் கருவியின் விளிம்பு முழுதும் ஒரே சமயத்தில் தோலில் படிகிறது. எந்த இடத்தில் அழுத்தம் மிகுகிறது என்பது கைக்குத் தெரிவதில்லை. உருண்டையான கட்டையின்மேல் தோலைப் போர்த்தினால், கருவி தொடுவது ஒரு சிறு பகுதியை மட்டுமே. ஆகவேதான் பதனிடும் நிலையங்களில் வளைந்த முதுகுடைய மரக்கட்டையைச் சாய்வாக நிறுத்தி, அதன்மேல் ஆட்டுத் தோலைப் போட்டுச் சதை நீக்குவர். முயல் தோலுக்கு அத்துணைப் பெரிய கட்டை பொருந்தாது. அன்று வந்த பெரியவர் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலிருந்து ஓர் உலக்கையைக் கொண்டுவரச் செய்தார். அதனை மேசை விளிம்பில் அழுத்திப் பிடிக்கச் செய்து, தோலை அதன்மேல் போர்த்தினார். அதற்கு முன், மயிர்ப் பக்கத்தைச் சீப்பால் நன்றாக வாரி, ஒட்டியிருந்த முள்ளையும் வைக்கோலையும் நீக்கினார். அடியிலே ஒரு நெல் கிடந்தாலும் அந்த இடம் மேடாக எழும். மேடான இடத்தில் விளிம்பு ஏறி வெட்டிவிடும். இப்படி வெட்டுண்ட துளைக்குக் கத்தியைப் பழிப்பதில் பொருளில்லை.

பின்னர் அவர் ஒரு கரண்டியை எடுத்து, நடுமுதுகில் தொடங்கி, ஓரத்தை நோக்கித் தள்ளினார். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் ஓரம் மடிந்து கிழியும் என்றார். வயிற்றுப் பகுதியும் அக்குளும் மிக மெல்லியவை. அங்கே கருவியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் மட்டும் உருட்டி எடுத்தார். தோல் உலர உலரத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தார். முடிவில், பற்றிக்கொண்டு வர மறுத்த மெல்லிய சவ்வை அப்படியே விட்டுவிட்டு, உப்பும் படிகாரமும் கரைத்த நீரில் தோலை ஊற வைக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்தச் சவ்வு தடித்து வெளுத்திருந்தது. ஓர் ஓரத்தைப் பற்றி விரலால் இழுத்ததும் பெரும்பகுதி ஒரே ஏடாக உரிந்து வந்தது. முயல் தோலுக்கு விரலும் பொறுமையுமே முதற்கருவிகள் என்பதை அன்று கண்டேன்.

அவர் நாள்தோறும் செய்யும் வேலை வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பதனிடும் நிலையங்களில் ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, மயிரைத் தளர்த்தி வழித்துவிடுவர். தோலும் பருத்து உறுதி பெறும். அதன் பின்னரே சதை நீக்கும் கத்தி வேலை செய்யும். இன்று சுருள் அலகுகள் பொருந்திய உருளை எந்திரங்கள் இவ்வேலையைச் செய்கின்றன. அங்கே மயிர் கழிவு. உரோமத் தோலிலோ மயிரே செல்வம். ஆயினும், பழகிய கை வேலையின் தன்மையை உணர்ந்து தன்னை மாற்றிக்கொண்டது. கருவியைத் தெரிந்தவன் ஒரு வேலையைச் செய்வான். பொருளின் இயல்பைத் தெரிந்தவன் கருவியையே மாற்றிக்கொள்வான்.

இந்த அறிவு எவ்வளவு பழைமையானது என்பதை நினைத்துப் பாருங்கள். மொராக்கோ நாட்டின் அட்லாண்டிக் கடற்கரை ஓரத்தில் கோந்த்ரபாந்தியே என்னும் குகை ஒன்று உண்டு. அங்கே கிடைத்த எலும்புக் கருவிகளை ஆராய்ந்தவர்கள் 2021-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்கருவிகளின் காலம் ஏறத்தாழ 1,20,000 முதல் 90,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. விலங்கின் விலா எலும்பால் செய்யப்பட்டு, அகன்று வட்டமான முனையோடு கூடிய கருவிகள் அவற்றுள் இருந்தன. தோலைத் துளைக்காமல் உட்புறத்தைச் சுரண்டுவதற்கு ஏற்ற வடிவம் அது. அதே குகையில் மணல் நரி, பொன்னிறக் குள்ளநரி, காட்டுப்பூனை ஆகிய சிறு விலங்குகளின் எலும்புகளும் கிடைத்தன. அவற்றில் காணப்பட்ட வெட்டுத் தழும்புகள் தோலுரிக்கும்போது உண்டாகக்கூடியவை. இரும்பும் செம்பும் அறியாத மக்கள், வட்ட முனையே தோலுக்குப் பகையாகாது என்பதை அறிந்திருந்தனர்! நான் கூரிய எஃகை நாடியதை எண்ணி நாணினேன்.

ரஷ்ய அறிஞர் செர்கேய் செமியோனவ் 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பழங்காலக் கற்கருவிகளின் விளிம்புகளை நுண்பெருக்கியால் நோக்கி, அவை எவ்வேலைக்குப் பயன்பட்டன என்று கண்டறியும் முறையை விளக்கினார். அவ்வழியிற் சென்ற ஆய்வாளர், தோல் சுரண்டிய கல்லின் விளிம்பு தேய்ந்து உருண்டு மெருகேறியிருக்கும் என்று காட்டினர். தோல் தன்னைத் தொடும் கருவிக்கும் தன் மென்மையைக் கற்பித்துவிடுகிறது போலும்!

வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் பெண்கள் உலு என்னும் கத்தியைக் கையாள்வர். பிறைநிலவு போன்ற அலகு. அதன் நடுவே, மேற்புறத்தில் கைப்பிடி. கை நேராக விளிம்பின் மேலே நிற்பதால், அழுத்தத்தை அணு அணுவாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். முற்காலத்தில் பலகைக்கல்லாலும், பின்னர் உலோகத்தாலும் அலகைச் செய்தனர். வேலைக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் வைத்துக்கொள்வர். எத்தியோப்பிய நாட்டின் தென்பகுதியில் கோன்சோ மக்களிடையே, கல்லை உடைத்துத் தோல் சுரண்டும் கருவி செய்யும் கலை நம் காலம் வரையிலும் பெண்களிடம் நிலவி வந்திருக்கிறது. பண்டைக் கற்கருவிகளைப் புரிந்துகொள்வதற்காக அறிஞர்கள் அப்பெண்களிடம் மாணவர்களாகச் சென்று அமர்ந்தனர். அதே நாட்டில், தோல் வேலை செய்வோரைத் தாழ்ந்தவர் என ஒதுக்கும் வழக்கமும் சில பகுதிகளில் உண்டு. அறிவைப் போற்றவேண்டிய இடத்தில் அருவருப்புக் கொள்ளும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லாமல் விடுவது முறையாகாது. இந்திய நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. ஆகவே காட்டு முயலின் தோலையோ, கீரி, மரநாய் முதலியவற்றின் தோலையோ நாடுதல் குற்றமாகும். பயில விரும்புவோர்க்கு இறைச்சிக்காக வளர்க்கப்படும் வீட்டு முயலே போதும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முதலிய முயல் இனங்களை வளர்த்து வருகிறது. அத்தகைய இனங்கள் நம் மாநிலத்தில் பல வீடுகளில் வளர்கின்றன. மற்றோர் எச்சரிக்கை: நோயுற்று இறந்த விலங்கின் தோலைத் தொடவே கூடாது. ஆடு மாடுகளைத் தாக்கும் அடைப்பான் நோயின் நுண்வித்துகள் தோலிலும் மயிரிலும் நெடுங்காலம் அழியாதிருந்து, கைக்காயத்தின் வழியே மனிதரையும் பற்றவல்லவை. கையுறை அணிதலும், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும் கருவியைப் போலவே இன்றியமையாதவை.

மீண்டும் அந்த வகுப்பறைக்கே வருவோம். பெரியவர் வேலையை முடித்து, தோலைத் தலைகீழாகத் தூக்கி உதறிக் காட்டினார். ஒரு மயிரும் உதிரவில்லை. முந்திய நாள் சிரித்த மாணவர்கள் கைகளை நீட்டி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர். நான் அவர்களிடம், "நான் நேற்றுக் கெடுத்த தோல் இதோ; இவர் இன்று செய்த தோல் இதோ. இருவரில் இப்பாடத்திற்கு ஆசிரியர் யார்?" என்று கேட்டேன். யாரும் விடை கூறவில்லை. அந்த மாணவன் மட்டும் தன் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பின்னர் அந்தப் பட்டப்பெயர் பள்ளியில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் அது என் செவியில் விழுந்தபோதெல்லாம் நான் வாளாவிருக்கவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவே. அதனையும் முன்னரே செய்திருத்தல் வேண்டும்.

1948-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தோல் தொழில்நுட்பம் இன்று பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பதனிடப்படும் தோல் கடல் கடந்து செல்கிறது. நம் காலில் உள்ள செருப்பும், இடையில் உள்ள வாரும், மிருதங்கத்தின் வலந்தலையும் யாரோ ஒருவர் ஒரு கட்டையின்மேல் குனிந்து நின்று சதை நீக்கியதால் கிடைத்தவை. அவற்றின் பயனைக் கொள்வோம். செய்தவரின் அருகே நிற்கக் கூசுவோம் என்பது அறிவுடைமை ஆகாது.

மாணவ நண்பர்களே, ஒரு வேலை உங்கள் முன் வரும்போது, என்னிடம் உள்ளவற்றுள் எது கூரியது என்று கேளாதீர்கள். நீக்க வேண்டியது எது, காக்க வேண்டியது எது, இரண்டிற்கும் இடைவெளி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை தெரியவில்லையாயின், தெரிந்தவர் உங்கள் வகுப்பின் வாயிலிலேயே நிற்கக்கூடும். அவரை உள்ளே அழையுங்கள்.